மூட்டைக்கு நாடித்துடிப்பு இல்லை

என் கட்சிக்காரர் இறந்துவிட்டார் என்ற செய்தியை எனக்குச் சொன்னவர், கோர்ட்டின் அப்பீல் பிரிவில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த எழுத்தர் அம்மாள். அன்றைய பட்டியலில் என் வழக்கைக் காணவில்லையே என்று கேட்கப் போயிருந்தேன்.

“உங்க ஆள் செத்துட்டாரும்மா. அதான் லிஸ்ட்லேர்ந்து எடுத்தாச்சு.”

“யாரு செத்தது?”

“தையல்காரர்தான். ஜெயில்லேர்ந்து நேத்து காலையிலயே தகவல் வந்துடுச்சு, டாக்டர் சர்டிஃபிகேட்டோட. அப்பீல் போட்டவர் போயிட்டா அப்பீலும் போச்சு. காலையில மூணு ஜட்ஜும் கையெழுத்துப் போட்டு மூடிட்டாங்க.” கத்தியை வைத்துவிட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். “வெள்ளரிக்காய் எடுத்துக்கறீங்களா?”

எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்துக்கொண்டேன் என்று கேட்காதீர்கள். கையில் வெள்ளரித் துண்டோடு வராந்தாவுக்கு வந்து, தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன். எனக்கு அழுகை வந்தால் கூடவே கோபமும் வரும். அந்த நேரத்தில் அந்தப் பக்கமாக வந்து “மேடம், வணக்கம்” என்று சொன்ன ஜூனியர் வக்கீல் ஒருவர் இன்றைக்கும் என்னைக் கண்டால் வேறு வழியாகப் போகிறார்.

தூக்குத் தண்டனை என்பது கீழ்க்கோர்ட்டு நீதிபதி சொன்னதும் நடந்துவிடுகிற காரியம் அல்ல. அவர் தண்டனையை எழுதிவிட்டு மொத்தக் காகிதக் கட்டையும் மேல்கோர்ட்டுக்கு அனுப்பியாக வேண்டும். “எனக்கு அப்பீலே வேண்டாம் சாமி, சீக்கிரம் முடிச்சுடுங்க” என்று குற்றவாளியே கும்பிட்டாலும் மேல்கோர்ட்டு விடாது. ஒவ்வொரு சாட்சியையும் புதிதாகப் படித்துப் பார்த்து, சரிதான் என்று அது சொன்னால்தான் தண்டனை தண்டனை. அதற்கு மேலே கடைசிக் கோர்ட்டு ஒன்று, மூன்று நீதிபதிகளோடு. அங்கேயும் தோற்றுவிட்டால் மறு ஆய்வு மனு, அதுவும் போய்விட்டால் கருணை மனு.

இத்தனை படி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. என் மாமியாரே கேட்பார். “ஒரு தடவை ஒழுங்கா பாத்தா தெரியாதா? திரும்பத் திரும்ப என்னத்தைப் பாக்கறாங்க?” என்பார். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து நாலாவது தடவையும் இழுத்துப் பார்ப்பவர் அவர்தான்.

என் தையல்காரர் நின்றுகொண்டிருந்தது அந்தக் கடைசிக் கோர்ட்டில். கீழே தூக்கு என்றார்கள். மேலே சரி என்றார்கள். இனி அவருக்கும் கயிற்றுக்கும் நடுவே இருந்தது இந்த அப்பீல் ஒன்றுதான், அதை நடத்த அவருக்குக் கிடைத்ததோ மேல்கோர்ட்டிலிருந்தே கோர்ட்டு இலவசமாக நியமித்த நான். அவர் வேலை பார்த்த தையல்கடையின் முதலாளி ஒரு சாயங்காலம் கடைக்குள்ளேயே கத்திரிக்கோலால் குத்துப்பட்டுக் கிடந்தார். அன்று மதியம்தான் இருவரும் ஒரு சட்டையின் காலர் அகலத்தைப் பற்றித் தெருவே கேட்கும்படி சண்டை போட்டிருந்தார்கள். எதிர்க்கடையில் சாவி செய்பவர், தையல்காரர் கடையிலிருந்து வெளியே போவதைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னார். அந்த நேரத்தில் தம்பி தன் வீட்டில் தலையணை உறைக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தான் என்று தையல்காரரின் அக்கா சொன்னார். அக்கா அப்படித்தானே சொல்வாள் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. கீழ்க்கோர்ட்டில் அவருக்காக ஆஜரான வக்கீல் சாவிக்காரரைக் கேட்ட ஒரே கேள்வி, அன்றைக்கு மழை பெய்ததா என்பது. பெய்யவில்லை. அத்தோடு உட்கார்ந்துவிட்டார்.

இப்போது அந்த அக்காவுக்கு நான் போன் செய்யவேண்டும். அவர் பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை பார்ப்பவர். எடுத்ததும் பின்னால் இருபது கிளிகள் ஒன்றாகக் கத்துவதுபோல் கேட்டது.

“அக்கா, கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கோங்க. தம்பி நேத்து காலையில…”

“நேத்து காலையில என்ன?”

“தவறிட்டாராம், அக்கா.”

அக்கா நிதானமாகக் கேட்டார். “நேத்து காலையிலயா?”

“ஆமாக்கா.”

“நேத்து சாயங்காலம் போன் பண்ணினானே வக்கீலம்மா. வாரா வாரம் பேச விடுவாங்கல்ல. சோத்துல உப்பே இல்லன்னு அரை மணி நேரம் பொலம்பினான். செத்தவன் உப்பு இல்லன்னு சொல்லுவானா?” யாரையோ அதட்டினார். “டேய், அவன் தலையில பையை வைக்காதே. நீங்க எதுக்கும் நேர்ல போய் ஒரு எட்டுப் பாத்துடுங்க.”

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வெள்ளரித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு ஜெயிலுக்கு ஆட்டோ பிடித்தேன்.

தையல்காரர் பார்வையாளர் அறைக்கு உயிரோடு நடந்து வந்தார். குள்ளமான, உருண்டையான மனிதர். எதைப் பார்த்தாலும் முதலில் அதன் தையலைத்தான் பார்ப்பார். உட்கார்ந்ததும் என் கறுப்பு அங்கியின் தோள்பட்டையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“வக்கீலம்மா, நான் செத்ததுல இங்க யாருக்கும் ஒரு வருத்தமும் இல்ல. சாப்பாட்டை மட்டும் நிறுத்திட்டாங்க. காலையில தட்டை நீட்டினா, உன் நம்பர் போர்டுல இல்லப்பா, போய்ட்டு வாங்கறான். நான் எங்க போறது?”

“என்னதான் நடந்தது?”

“பெரியவரைக் கேளுங்க,” என்று சூப்பரிண்டெண்டின் அறையைக் காட்டினார். “நல்ல மனுஷன்தான். ஒத்திகைப் பைத்தியம்.”

சூப்பரிண்டெண்ட் புதிதாக மாற்றலாகி வந்தவர். நெட்டையாக, கஞ்சி போட்ட உடுப்பில், எதற்கும் தயாராக இருப்பவர். முந்தைய மாதம் தீயணைப்பு ஒத்திகைக்காக நிஜமாகவே தீ வைத்து, ஜெயில் தச்சுப்பட்டறையில் பாதியை எரித்தவர். ஒத்திகை என்றால் நிஜம் மாதிரியே இருக்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை. வந்த அன்று தூக்குமேடை அறையைத் திறந்து பார்த்திருக்கிறார். பல வருடமாக ஆள் புழங்காத இடம். வார்டர்கள் அங்கே சைக்கிள் நிறுத்தி, நெம்புகோலில் பனியன் காயப்போட்டிருந்தார்கள். இவருக்கு மனது கேட்கவில்லை.

“நாளைக்கே ஒரு உத்தரவு வந்தா நாம தயாரா இருக்கணுமா இல்லையா மேடம்?” என்று என்னைக் கேட்டார். “அதனால ஒரு மூட்டையில மண்ணைக் கட்டி ஒத்திகை பாத்தோம். ஆளோட எடை வேணும். தூக்குக் கைதின்னு இங்க இருக்கறது இவர் ஒருத்தர்தான். இவர் எடைக்கே கட்டினோம்.”

“மூட்டையைத் தைச்சது யாரு?”

“இவர்தான். வேற தையல்காரர் இங்க இல்லையே.”

பிறகு நடந்ததை அவர் பெருமையோடு சொல்லச் சொல்ல, எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. மூட்டைக்குத் தையல்காரரின் ஜெயில் சட்டையைப் போட்டிருக்கிறார்கள். அதில் அவருடைய நம்பர். தலைக்கு விதிப்படி கறுப்பு உறை. இரண்டு பக்கமும் இரண்டு வார்டர்கள் தோள் கொடுத்து மூட்டையை நடத்திக் கூட்டிவந்திருக்கிறார்கள். கடைசி ஆசை ஏதாவது உண்டா என்று சூப்பரிண்டெண்ட் மூட்டையைக் கேட்டிருக்கிறார். விதிப்படி பதிலுக்கு ஒரு நிமிஷம் காத்திருந்திருக்கிறார். மூட்டைக்கு ஆசை எதுவும் இல்லை. நெம்புகோலை இழுத்தார்கள். பிறகு டாக்டரைக் கூப்பிட்டார்கள்.

“டாக்டருக்கு இது மூட்டைன்னு தெரியுமா?”

“சொல்லல மேடம். சொன்னா எப்படி நிஜமா இருக்கும்? அவர் பாட்டுக்கு வந்தார், பாத்தார், சர்டிஃபிகேட் குடுத்தார். சர்டிஃபிகேட் வந்ததும் ஆபீஸ்லேர்ந்து கோர்ட்டுக்குத் தகவல் போகணும். அரை மணியில போயிடுச்சு. எங்க வேகத்தை நீங்களே பாருங்க.”

இதில் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது இதுதான். டாக்டர் தன் வேலையைச் செய்தார். ஆபீஸ் தன் வேலையைச் செய்தது. வெள்ளரிக்காய் அம்மாள் தன் வேலையைச் செய்தார். மூன்று நீதிபதிகளும் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவரும் சோம்பேறியாக இல்லை. யாராவது ஒருவர் சோம்பேறியாக இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

“சரி, தப்பு நடந்துடுச்சு. அவர் உயிரோட இருக்கார்னு ஒரு சர்டிஃபிகேட் குடுங்க. அப்பீலைத் திரும்ப எடுக்கச் சொல்றேன்.”

சூப்பரிண்டெண்ட் யோசித்தார். “அப்படி ஒரு சர்டிஃபிகேட் நம்ம கிட்ட இல்லையே மேடம். உயிரோட இருக்கறவங்களுக்கு நாங்க எதுவும் குடுக்கறதில்ல.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “இன்னொன்னு. மேலே அப்பீல் எதுவும் பாக்கி இல்லன்னு கோர்ட்லேர்ந்து இப்ப எங்களுக்குத் தகவல் வந்திருக்கு. அப்பீல் பாக்கி இல்லன்னா நாங்க தேதி கேட்டு எழுதணும். அதுவும் விதிதான். ஒத்திகை வேற நல்லா வந்துச்சு.”

செத்துவிட்டார் என்பதால் அப்பீலை மூடினார்கள். அப்பீல் மூடிவிட்டதால் அவரைச் சாகடிக்கப் போகிறார்கள். செத்தவரை எப்படிச் சாகடிப்பீர்கள் என்று கேட்டால், அது வேறு பிரிவு என்பார்கள்.

டாக்டரைத் தேடிப் போனேன். ஜெயில் ஆஸ்பத்திரியில் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். வயதானவர், நேர்மையானவர், அதனாலேயே அவரோடு பேசுவது கழுத்தறுப்பு. நடந்தது மூட்டை என்று நான்தான் அவருக்குச் சொன்னேன். நிஜமாகவே ஒரு மனிதனுக்குச் சாவுச் சான்று எழுதிவிட்டோம் என்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்திருக்கிறார். மூட்டை என்றதும் முகம் மலர்ந்தது. சர்டிஃபிகேட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்றதும் வாடியது.

“எதுக்கும்மா வாங்கிக்கணும்? அதுல ஒரு வார்த்தை தப்பு இல்ல. நாடி இல்லன்னு எழுதினேன். மூச்சு இல்லன்னு எழுதினேன். மூட்டைக்கு இருக்குமா?”

“நம்பர் என் கட்சிக்காரரோடதாச்சே டாக்டர்.”

“சட்டையில அந்த நம்பர்தானே இருந்துச்சு.”

அன்று மாலையே மனு எழுதினேன். மூடிய அப்பீலைத் திறக்கவேண்டும், ஏனென்றால் அப்பீல்காரர் பசியோடு இருக்கிறார் என்று. வராந்தாவில் அரசு வக்கீல் எதிர்ப்பட்டான். சட்டக் கல்லூரியில் என்னோடு படித்தவன். பரீட்சையில் என்னைப் பார்த்து எழுதி, என்னைவிட அதிகமாக மார்க் வாங்கியவன்.

“போடு, போடு. நான் எதிர்க்க மாட்டேன்,” என்றான் தாராளமாக. “மூட்டைக் கதை கேட்டேன். வீட்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம். ஆனா ஒண்ணு, அப்பீலைத் திறந்தாலும் நீ ஜெயிக்கப் போறதில்ல. உன் பாயிண்ட் என்ன, சட்டைதானே? சாவிக்காரர் வருஷக்கணக்கா எதிர்க்கடையில இருந்தவர். சட்டையைப் பாத்தா அவருக்குத் தெரியாதா? ரெண்டு கோர்ட்டும் ஒத்துக்கிட்டாச்சு.”

அவன் சொன்னது உண்மைதான், அதனால்தான் எரிச்சலாக இருந்தது. சாவிக்காரர் முகத்தைப் பார்க்கவில்லை, பின்னாலிருந்து சட்டையைத்தான் பார்த்தார் என்பது சாட்சியத்தில் இருக்கிறது. தையல்காரர் போட்டிருந்தது நீலக் கட்டம் போட்ட சட்டை. அந்தத் துணி சுருளோடு தள்ளுபடியில் வந்தது. அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அதில்தான் அவர் சட்டை தைத்துக் கொடுத்திருந்தார். இதை மேல்கோர்ட்டில் சொன்னேன். “சரி, அடுத்தது” என்றார்கள். அப்பீலில் அப்படித்தான். அங்கே ஆளும் வருவதில்லை, சாட்சியும் வருவதில்லை. எல்லாம் காகிதம். காகிதத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நடுவே ஒரு சட்டை எவ்வளவு சத்தம் போட்டுவிட முடியும்?

மனு விசாரணைக்கு வந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த தலைமை நீதிபதி, “சுருக்கமா” என்ற ஒரே சொல்லால் பல வக்கீல்களின் வாழ்க்கையை முடித்தவர். சர்டிஃபிகேட்டைப் பார்த்தார், என் மனுவைப் பார்த்தார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“இது செத்தாருங்குது, அது இல்லைங்குது. நாங்க எதை நம்பறது? ஆளைக் கூட்டிட்டு வாங்க. டாக்டரையும், அந்த சூப்பரிண்டெண்டையும்.”

மறுநாள் கூட்டிவந்தார்கள். அந்தக் கோர்ட்டில் அதுவரை எந்த அப்பீல்காரரும் கால் வைத்ததில்லை என்பது தையல்காரர் உள்ளே வந்த பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. அவருக்கு நிற்க இடம் இல்லை. கூண்டே கிடையாது. கடைசியில் மேல்தட்டுப் புத்தகங்களை எடுக்க ஏறி நிற்கும் முக்காலியை இழுத்துப் போட்டு, அதில் அவரை உட்காரவைத்தார்கள். கால் தரையில் எட்டவில்லை. அவருடைய அக்கா பின்வரிசையில், வேன் உடுப்போடு, விசிலைக் கழற்ற மறந்து உட்கார்ந்திருந்தார்.

“நீங்கதான் இறந்தவரா?” என்று தலைமை நீதிபதி கேட்டார்.

“ஆமாங்கய்யா,” என்றார் தையல்காரர் மரியாதையாக.

“எப்படி இருக்கீங்க?”

“பரவால்லீங்கய்யா. சாப்பாடு மட்டும் இன்னும் சரியாகல. பக்கத்துல இருக்கறவங்க ஆளுக்கு ஒரு பிடி குடுக்கறாங்க.”

இடது பக்க நீதிபதி எதையோ தேடுவதுபோல் மேஜைக்கு அடியில் குனிந்து, தோள்கள் குலுங்கி முடிந்ததும் நிமிர்ந்தார்.

டாக்டரைக் கேட்டார்கள்.

“அந்த உடம்பைத் தொட்டுப் பாத்தீங்கல்ல டாக்டர், வித்தியாசமா எதுவும் தெரியலையா?”

“கொஞ்சம் சொரசொரன்னு இருந்துச்சுங்கய்யா. ஜெயில் சாப்பாடு அப்படின்னு நெனச்சேன்.”

“முகத்தைப் பாத்தீங்களா?”

“உறை போட்டிருந்துச்சுங்கய்யா. அதை எடுக்கக் கூடாது.”

“அப்ப அது இவர்தான்னு எப்படித் தெரிஞ்சது?”

“சட்டைங்கய்யா. இவரோட சட்டை. நான் இவரை எத்தனையோ தடவை அந்தச் சட்டையில பாத்திருக்கேன்.”

நான் எழுந்திருக்கப் போனேன். அதற்குள் அரசு வக்கீல் எழுந்துவிட்டான். நல்லவேளை. அரசாங்கத்தின் மானத்தைக் காப்பாற்றும் அவசரம் அவனுக்கு. ஜெயிலின் மேல் பழி விழாமல், மொத்தத்தையும் அந்தக் கிழவரின் தலையில் கட்டிவிடத் தீர்மானித்துவிட்டான்.

“ஐயா, இது முழுக்க முழுக்க இந்த டாக்டரோட கவனக்குறைவு. ஒரு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். முகத்தைப் பாக்கல. குரலைக் கேக்கல. ஒரு சட்டையைப் பாத்துட்டு, இது இன்னார்தான்னு முடிவு பண்ணிட்டார். சட்டையை யார் வேணா போட்டுக்கலாம். மூட்டைகூடப் போட்டுக்கலாம், போட்டிருக்கு. எத்தனையோ தடவை பாத்தவர்னு சொல்றார், பாத்தவர்னா இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். சட்டையை வெச்சு மனுஷனைத் தீர்மானிக்கறது எந்த ஊர் நியாயம்?”

நன்றாகப் பேசினான். கல்லூரிக் காலத்திலிருந்தே அவனுக்குக் குரல் வளம் உண்டு. நான் என் வாழ்க்கையில் எந்த எதிர்த்தரப்பு வக்கீலின் பேச்சையும் அவ்வளவு ஆசையோடு கேட்டதில்லை. அவன் உட்காரும்வரை பொறுமையாக இருந்தேன்.

“ஐயா, அரசு வக்கீல் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நான் ஏத்துக்கறேன். என் சார்பா அவர் சொன்னதாவே வெச்சுக்கலாம். சாவிக்காரரோட சாட்சியத்தை மட்டும் வாசிச்சுடறேன்.”

“சுருக்கமா,” என்றார் தலைமை நீதிபதி, பழக்கத்தில்.

“நாலு வரிதான் ஐயா. ‘முகத்தைப் பார்த்தீரா? இல்லை, பின்னாலிருந்து பார்த்தேன். அவர்தான் என்று எப்படிச் சொல்கிறீர்? நீலக் கட்டம் போட்ட சட்டை. அது அவருடைய சட்டை, நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.’”

அரசு வக்கீலின் காது மெல்லச் சிவந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவனுக்குப் புரிய எத்தனை நேரம் ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாக எழுந்தான்.

“ஐயா, அது வேற, இது வேற.”

“எப்படி வேற?”

“அது வந்து ஐயா, இங்க சட்டைக்குள்ள இருந்தது மண்ணு. அங்க சட்டைக்குள்ள ஆள் இருந்தார்.”

“எந்த ஆள்?” என்றார் தலைமை நீதிபதி.

அவன் கையிலிருந்த காகிதங்களைப் புரட்டினான். அதற்குப் பதில் அதில் இருக்கவில்லை. இரண்டு கோர்ட்டுகளின் அத்தனை காகிதத்திலும் இருக்கவில்லை. உட்கார்ந்துவிட்டான்.

தலைமை நீதிபதி தன் காகிதக் கட்டிலிருந்து அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தார். மெதுவாகப் படித்தார். அதன் ஓரத்தில் அவருடைய பென்சில் குறி இருந்ததை நான் இருந்த இடத்திலிருந்தே பார்த்தேன்.

“இதை நான் போன வாரம் படிச்சிருக்கேன்,” என்றார். அது யாரிடம் சொன்னது என்று தெரியவில்லை. “படிச்சுட்டு, அடுத்த பக்கத்துக்குப் போயிட்டேன்.” பிறகு முக்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்த தையல்காரரைப் பார்த்தார். “நாங்க மூணு பேர் போட்ட உத்தரவு தப்பு. அதை இன்னிக்குத் திருத்தறோம். திருத்த முடியுது, ஏன்னா நீங்க வந்து உக்காந்திருக்கீங்க.”

“ஆமாங்கய்யா,” என்றார் தையல்காரர். “மொதல்ல மூட்டையைத் தூக்குல போட்டது நல்லதாப் போச்சு.”

இந்தத் தடவை யாரும் மேஜைக்கு அடியில் குனியவில்லை. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுத வேகத்தில் கழுத்தில் இருந்த விசில் ஒரு தடவை மெல்லக் கூவியது.

அப்பீல் திறந்தது. முழு விசாரணை நடந்தது, இந்த முறை யாரும் சுருக்கமாக என்று சொல்லவில்லை. முடிவில் தையல்காரரை விடுதலை செய்தார்கள். தலைமை நீதிபதி தீர்ப்பை வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், திரும்பவும் கழற்றித் துடைத்தார். அன்று இரவு வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். “நாலாவது தடவை பாத்தது நல்லதுதான்” என்றார் மாமியார். பிறகு போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து படுத்தார்.

விடுதலை நாளன்று நானும் அக்காவும் ஜெயில் வாசலில் காத்திருந்தோம். தையல்காரர் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால், தூக்குமேடை அறை வாசலில் சூப்பரிண்டெண்டோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார். நடுவில் அந்த மூட்டை, இன்னமும் அவருடைய சட்டையோடு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

“இது நான் தைச்சது. எனக்கு வேணும். என் நம்பரோட இது இங்க கெடந்தா எனக்குத் தூக்கம் வராது.”

“அது ஜெயில் சொத்துப்பா. அடுத்த ஒத்திகைக்கு வேணும்.”

“யாருக்கு ஒத்திகை? நான்தான் போறேனே.”

“புதுசா ஒருத்தர் வந்திருக்கார்,” என்றார் சூப்பரிண்டெண்ட். “நேத்துதான் அனுப்பினாங்க. ஆள் ஒல்லி. கொஞ்சம் மண்ணைக் குறைச்சாப் போதும். நீயே பிரிச்சு, கொஞ்சம் பிடிச்சுத் தைச்சுக் குடுத்துட்டுப் போயேன்.”

தையல்காரர் மூட்டையின் முன்னால் உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றினார். அடித்தையலில் ஒரு நூல்முனையைத் தேடிப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். மண் முழுவதும் சூப்பரிண்டெண்டின் பளபளவென்ற பூட்ஸின் மேல் கொட்டியது. அவர் ஒத்திகை பார்க்காத ஒரு காரியம் அவருக்கு நடந்தது அதுதான் முதல் தடவை, என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார்.

தையல்காரர் வெறும் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். சட்டையையும் மடித்தார். வாசலை நோக்கி நாலடி நடந்தவர், நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“வக்கீலம்மா, அந்த ஒல்லி ஆளோட முகத்தை யாராவது பாத்தாங்களா?”

அக்காவையும் தம்பியையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, நான் திரும்ப உள்ளே போய், அந்த ஆளைப் பார்க்க அனுமதி கேட்டேன்.